படகைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள்

மான்செஸ்டர் கடலில்லாத ஊர். 1891 அக்டோபர் 10, சனிக்கிழமை, அந்த ஊர்த் தெருக்களில் மீட்புப் படகுகள் ஊர்வலம் போயின. வண்டிகளில் ஏற்றிய படகுகள், கூடவே கடலோர ஊர்களிலிருந்து வந்த மீட்பர்கள், பேண்டு வாத்தியம். கூட்டத்துக்குள் உண்டியல் குலுக்கிக்கொண்டு ஆட்கள் போனார்கள். மாடி ஜன்னலில் நின்று பார்த்தவர்களையும் டிராம் வண்டியின் மேல்தட்டில் உட்கார்ந்திருந்தவர்களையும்கூட விடவில்லை. நீளக் கழியின் நுனியில் பையைக் கட்டி, அவர்களுக்கு எட்டும்படி நீட்டினார்கள். ஒரே நாளில் 5,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. ஒரு தொண்டு நிறுவனத்துக்காகத் தெருவில் இறங்கிப் பொதுமக்களிடம் பணம் திரட்டியதில், பதிவான வரையில் அதுவே முதல் நிகழ்ச்சி என்கிறார்கள்.

இந்த ஊர்வலத்துக்குக் காரணம் ஒரு பெரும் துயரம். 1886 டிசம்பரில் இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், சவுத்போர்ட் அருகே, 'மெக்சிகோ' என்ற ஜெர்மானியக் கப்பல் புயலில் சிக்கித் தரைதட்டியது. காப்பாற்றப் போன மூன்று படகுகளில் இரண்டு படகுகளின் ஆட்கள் அலையில் அடிபட்டுப் போனார்கள். 27 மீட்பர்கள் இறந்தார்கள். மூன்றாவது படகு, கப்பலில் இருந்த 12 பேரையும் கரைசேர்த்தது. இறந்தவர்களின் மனைவி மக்களுக்காக நிதி திரட்டுவதில் முன்னின்றவர்களில் ஒருவர் சார்லஸ் மக்காரா. மான்செஸ்டரின் பருத்தித் தொழிலதிபர். படகோடு போனவர்களை இழந்த செயின்ட் ஆன்ஸ் ஊரில்தான் அவர் வீடு. அந்த வேலையில் இறங்கியபோதுதான் ஒன்றைக் கவனித்தார். இத்தனை படகுகளை நடத்தும் நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பகுதி, விரல்விட்டு எண்ணக்கூடிய சில செல்வர்களிடமிருந்தே வந்துகொண்டிருந்தது. மில் தொழிலாளியிடமும் கடைக்காரரிடமும் பெரிதாக யாரும் போகவில்லை. அவர்கள் கடலையே பார்ப்பதில்லை, பிறகு படகைப் பற்றி என்ன தெரியும்? மக்காராவும் அவர் மனைவி மரியனும் படகையே அவர்கள் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அந்த நிறுவனம் ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிடியூஷன், சுருக்கமாக ஆர்.என்.எல்.ஐ. 1824-ல் தொடங்கியது, 2024-ல் 200 வயது நிறைந்தது. பிரிட்டன், அயர்லாந்து கரைகளில் 238 படகு நிலையங்கள். இந்த 200 ஆண்டுகளில் காப்பாற்றிய உயிர்கள் 1,46,000-க்கும் மேல். இது அரசுத் துறை அல்ல. நன்கொடையிலும், மக்கள் உயில் எழுதிவைத்துப் போகும் பணத்திலும்தான் பெரும்பாலும் ஓடுகிறது. படகில் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

இவர்களைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சில சின்ன டிரஸ்டுகளின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்துக்கொள்ள நான் உதவுகிறேன். மாலை நேரப் பாடசாலை நடத்துகிறவர்கள், தெருநாய்களுக்குச் சிகிச்சை தருகிறவர்கள், ஏரி தூர்வாருகிறவர்கள். எல்லோரும் கேட்பது ஒரே மாதிரிக் கேள்விகள்தான். வாரத்துக்கு எத்தனை பதிவு போட வேண்டும்? எந்த நேரத்தில் போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள்? ரீல்ஸ் போட்டால் நன்கொடை வருமா? இந்தக் கேள்விகள் தவறில்லை. ஆனால் இதற்கெல்லாம் முன்பே தீர்மானிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நம் வேலையை, அதைச் செய்கிற ஆள் வழியாக, வெளியில் இருப்பவர் கண்ணால் பார்க்க முடிகிறதா? அதை விளக்க எனக்கு ஆர்.என்.எல்.ஐ. மாதிரி நல்ல உதாரணம் வேறு கிடைக்கவில்லை.

அவர்களுடைய தலைமை அலுவலகப் பக்கங்களைவிட, ஒவ்வொரு படகு நிலையமும் தனக்கென்று நடத்தும் பக்கங்களைப் பாருங்கள். அந்தந்த ஊர்த் தன்னார்வலர் ஒருவரே அதை எழுதுகிறார். பதிவுகளில் அலங்காரமே இருக்காது. நள்ளிரவில் பேஜர் அடித்தது, படகு இறங்கியது, இன்ன இடத்தில் எஞ்சின் பழுதான மீன்பிடிப் படகைக் கயிறு கட்டி இழுத்துவந்தோம், விடியற்காலை படகைக் கழுவி, எரிபொருள் நிரப்பி, அடுத்த அழைப்புக்குத் தயாராக வைத்தோம். அவ்வளவுதான். கீழே ஊர்க்காரர்கள் பெயர் சொல்லி நன்றி எழுதுகிறார்கள். அந்த மீட்பர் அவர்களுக்குத் தெரிந்த பிளம்பர், பள்ளி ஆசிரியை, கடைக்காரர். பேஜர் அடித்ததும் கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடியவர்.

படகை இறக்கியும் ஆள் கிடைக்காமல் திரும்பிய இரவுகளைப் பற்றியும் எழுதுகிறார்கள். தப்புத் தகவலால் வீணாக இறங்கிய நாட்களையும் மறைப்பதில்லை. நல்ல எண்ணத்தில் ஒருவர் அழைத்திருந்தால், சந்தேகம் வந்ததும் அழைத்தது சரியே என்று அவருக்கே நன்றி சொல்கிறார்கள். இந்தப் பதிவுகளை எனக்குப் பிடிக்கக் காரணம் இதுதான். வெற்றி மட்டுமே தெரிகிற பக்கத்தை நாலாவது வாரம் யாரும் நம்புவதில்லை.

மீட்பர்களின் தலைக்கவசத்தில் கேமரா இருக்கிறது. அதில் பதிவாகும் காட்சிகளே யூடியூபில் வருகின்றன, பிபிசியின் 'சேவிங் லைவ்ஸ் அட் சீ' தொடருக்கும் அவைதான் மூலப்பொருள். கேமரா ஆடுகிறது, கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது, கத்துவது பாதி கேட்பதில்லை. ஆனால் அலைக்குள் கை நீட்டும்போது அது நம் கை மாதிரித் தெரிகிறது. மான்செஸ்டர் தெருவில் மக்காரா செய்ததும் இதைத்தானே?

இப்படித் தங்கள் வேலையைக் காட்டிவரும் பழக்கம் எதற்கு உதவும் என்பது 2021 ஜூலையில் தெரிந்தது. ஆங்கிலக் கால்வாயைச் சின்ன ரப்பர் படகுகளில் கடந்துவரும் அகதிகள், குடியேறிகள் பிரச்சினையில் பிரிட்டன் இரண்டுபட்டுக் கிடந்த சமயம். அரசியல்வாதி நைஜல் ஃபராஜ், ஆர்.என்.எல்.ஐ. ஆட்கடத்தல்காரர்களுக்கு டாக்சி ஓட்டுகிறது என்கிற பொருளில் பேசினார். அதை ஒட்டி வசவுகள் குவிந்தன. கரையில் நின்று மீட்பர்களைத் திட்டியவர்களும் உண்டு.

அந்த இடத்தில் ஒரு தொண்டு நிறுவனம் என்ன செய்யும்? பொதுவாகச் சில நாள் வாயைத் திறக்காது. 'எங்களுக்கு அரசியல் இல்லை' என்று நாலு வரி அறிக்கை விடும். நன்கொடையாளர்களில் பாதிப்பேர் எதிர்த் தரப்பாக இருக்கலாமே என்ற பயம் எந்த நிர்வாகிக்கும் வரும். ஆர்.என்.எல்.ஐ.-யின் அப்போதைய தலைமை நிர்வாகி மார்க் டவி வெளிப்படையாகப் பேசினார். கடலோரக் காவல் அமைப்பு அழைக்கிறது, நாங்கள் போகிறோம், தண்ணீரில் தத்தளிப்பவர் யார், எந்த ஊர் என்று கேட்பது எங்கள் வேலை அல்ல, இதைச் செய்வதில் பெருமைப்படுகிறோம் என்பது அவர் சொன்னதன் சாரம். கூடவே கால்வாயில் நடந்த ஒரு மீட்பின் வீடியோவையும் மீட்பர்களின் அனுபவங்களையும் வெளியிட்டார்கள். நெரிசலான ரப்பர் படகு, உள்ளே குழந்தைகள்.

வழக்கமாக ஒரு நாளைக்கு ஆறாயிரம், ஏழாயிரம் பவுண்டு வரும் இணைய நன்கொடை, ஜூலை 28 அன்று 2,00,000 பவுண்டைத் தாண்டியது. தன்னார்வலராகச் சேர்வது எப்படி என்று அவர்கள் இணையதளத்தில் தேடியவர்கள் எண்ணிக்கையும் பல மடங்கு உயர்ந்தது. இந்தக் கதையைச் சொல்லும்போது, 'அப்படியானால் நாமும் ஏதாவது சர்ச்சையில் இறங்கலாமா' என்று ஒரு டிரஸ்டின் நண்பர் கேட்டார். அந்த இரண்டு லட்சம் பவுண்டைச் சர்ச்சை கொண்டுவரவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு முன்னால் பல ஆண்டுகளாக, பேஜர் அடித்தது, படகு இறங்கியது என்று சலிக்காமல் எழுதிவந்தார்களே, அது கொண்டுவந்தது. அந்த மீட்பர்களை மக்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதனால்தான் அவர்களை ஒருவர் பழித்தபோது கோபம் வந்தது, கோபம் நன்கொடையாக மாறியது.

பணத்தை விட்டுவிடுவோம். என்னை அதிகம் உலுக்கியது வேறொரு செய்தி.

'ஃப்ளோட் டு லிவ்' என்று ஆர்.என்.எல்.ஐ. ஒரு பிரசாரம் நடத்துகிறது. மிதந்து உயிர்பிழை என்பதுதான் அதன் செய்தி. தண்ணீரில் தவறி விழுந்தால் உடம்பு தன்னிச்சையாகக் கை காலை உதறும், மூச்சு வாங்கும், அதில்தான் தண்ணீர் குடித்து மூழ்குகிறார்கள். அதற்குப் பதிலாகத் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, காது தண்ணீருக்குள் இருக்கும்படி மல்லாந்து, கை கால்களை விரித்து, மூச்சு நிதானமாகும் வரை மிதக்க வேண்டும். கைகளை மெல்ல அசைத்துக்கொள்ளலாம். கால் கொஞ்சம் அமிழ்ந்தாலும் பரவாயில்லை. பதற்றம் அடங்கிய பிறகு கூப்பிடலாம், நீந்தலாம். திரையரங்கிலும் செல்போனிலும் தொலைக்காட்சியிலும் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

2020 ஜூலை கடைசி நாள், ஸ்கார்பரோ கடற்கரையில் 10 வயதுச் சிறுவன் ஒருவனை அலை உள்ளே இழுத்துப் போய்விட்டது. கரையிலிருந்து யாராலும் எட்ட முடியவில்லை. அந்தப் பையன், முன்பு பிபிசி தொடரில் பார்த்ததை நினைவில் வைத்திருந்து, மல்லாந்து கை கால்களை விரித்து, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் மிதந்தான். படகு வந்து எடுத்தது. மீட்பரின் கேமராவில் பதிவான ஒரு தொடரைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பாடம் அது. ஆதரவாளர்களோடு தொடர்பில் இருப்பது என்றாலே நன்கொடை இணைப்பை அனுப்புவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பார்க்கிறவரின் கையில் அவருக்கே பயன்படும் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவதும் அதில் அடங்கும். இந்தச் செய்தியைப் படித்த பிறகு, அதுதான் அதில் முதன்மையானது என்றே எனக்குப் படுகிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் உண்டு. 2012 மார்ச் 5-ஆம் தேதி 'கோனி 2012' என்ற அரை மணி நேர வீடியோ யூடியூபில் வந்தது. அமெரிக்காவின் சான் டியாகோவில் இருந்த இன்விசிபிள் சில்ட்ரன் என்ற அமைப்பு எடுத்தது. உகாண்டாவில் குழந்தைகளைக் கடத்திப் படையில் சேர்த்த ஜோசப் கோனியை உலகம் முழுக்கத் தெரியவைத்துப் பிடிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆறு நாளில் 10 கோடி பார்வைகள். அதுவரை எந்த வீடியோவும் அவ்வளவு வேகமாகப் பரவியதில்லை.

அடுத்த வாரம், அதே வீடியோவை வடக்கு உகாண்டாவில் லிரா என்ற ஊரில், திறந்தவெளியில் திரை கட்டிக் காட்டினார்கள். பார்த்தவர்கள் கோனியின் படையால் உற்றாரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த மக்கள். கோபத்தில் கல்லெறியும் நிலைமை வந்தது, திரையிடலையே நிறுத்திவிட்டார்கள். படத்தில் பெரும்பகுதி இயக்குநரும் அவருடைய சின்ன மகனும்தான் பேசுகிறார்கள். துன்பப்பட்டவர்கள் வந்து போகிறார்கள். கோனியின் படை உகாண்டாவை விட்டு 2006 வாக்கிலேயே வெளியேறிவிட்டது என்பது படத்தில் ஓர் ஓரமாக வருகிறது. தங்கள் ஊரைக் கெடுத்தவனின் பெயர் வளையலிலும் டி-ஷர்ட்டிலும் விற்பனைக்கு வருவதை அந்த மக்களால் பொறுக்க முடியவில்லை. ஏப்ரல் 20 இரவு ஊரெங்கும் சுவரொட்டி ஒட்ட வாருங்கள் என்று அந்த அமைப்பு உலகத்தையே அழைத்திருந்தது. பல நகரங்களில் வந்தவர்கள் மிகச் சிலர்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், அந்த அமைப்பு உருப்படியான வேலைகளும் செய்தது. காங்கோ, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுப் பகுதிகளில், படை நெருங்கினால் அடுத்த ஊருக்கு எச்சரிக்கை சொல்ல வானொலி வலையமைப்பை உருவாக்க உதவியது. ஒரு கிராமத்தில் வானொலிக் கருவியின் முன் உட்கார்ந்து பக்கத்து ஊருக்குத் தகவல் சொல்கிற மனிதரை மையமாக வைத்து அந்த வீடியோவை எடுத்திருந்தால் 10 கோடிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் பார்த்தவர்கள் ஏப்ரலிலும் கூட இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நீண்ட நாள் கூட இருக்கவைப்பது எப்படி என்பதற்கு நான் காட்டும் இடம் கென்யா. நைரோபி தேசியப் பூங்காவில், தாயை இழந்த யானைக்குட்டிகளை வளர்க்கிறது ஷெல்ட்ரிக் வனவிலங்கு அறக்கட்டளை. கணவர் டேவிட்டின் நினைவாக டாஃப்னி ஷெல்ட்ரிக் 1977-ல் தொடங்கியது. பால்குடி மாறாத குட்டிக்கு ஏற்ற பால்மாவு எது என்று கண்டுபிடிக்கவே அவர் பல்லாண்டு போராடினார். கடைசியில் கைகொடுத்தது தேங்காய் எண்ணெய் சேர்த்த கலவை. இப்போது அவர் மகள் ஏஞ்சலா நடத்துகிறார். இதுவரை 300-க்கும் மேற்பட்ட குட்டிகள் பிழைத்திருக்கின்றன.

அங்கே ஆண்டுக்கு 50 டாலர் கொடுத்து நீங்கள் ஒரு குட்டியைத் தத்தெடுக்கலாம். பணம் பொதுவான செலவுக்குத்தான் போகும். ஆனால் உங்களுக்கென்று பெயரோடு ஒரு குட்டி இருக்கும். அதன் பராமரிப்பாளர்கள் தினமும் குறிப்பு எழுதுகிறார்கள். இன்று எந்தக் குட்டி எதோடு சண்டை போட்டது, எது போர்வைக்குள் புகுந்துகொண்டது, எதற்கு வயிறு சரியில்லை. குட்டி தனியாக உறங்காது என்பதால் அவர்கள் இரவில் அதன் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறார்கள். அந்தக் குறிப்புகள் மாதந்தோறும் தத்தெடுத்தவருக்கு வருகின்றன, கூடவே ஏஞ்சலா வரைந்த ஒரு நீர்வண்ண ஓவியமும். இன்ஸ்டாகிராமில் இருப்பதெல்லாம் இந்த நாட்குறிப்பின் வெளிவாசல்தான். குட்டி செத்துப்போனால் அதையும் எழுதுகிறார்கள். என்ன முயன்றோம், எப்போது கைவிட்டுப் போனது என்று. வளர்ந்து சாவோ காட்டுக்குத் திரும்பிய யானை, பல ஆண்டு கழித்துத் தன் குட்டியை அழைத்துக்கொண்டு பழைய பராமரிப்பாளர்களிடம் வந்து நிற்கும். அந்தச் செய்தி, அது குட்டியாக இருந்தபோது தத்தெடுத்தவர்களுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே நம் ஊருக்கு வருகிறேன். நம் டிரஸ்ட் பக்கங்களில் அதிகம் காணும் படம் எது? நோட்டுப் புத்தகத்தையோ அரிசிப் பையையோ ஒரு முனையில் கொடுப்பவரும் மறுமுனையில் வாங்குபவரும் பிடித்திருக்க, இருவரும் கேமராவைப் பார்க்கும் படம். கொடுப்பவர் முகத்தில் சிரிப்பு. அந்தச் சிறுமியின் முகத்தை நாளைக்கு அவள் வகுப்புத் தோழிகள் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் பார்ப்பார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. நான் பார்த்துக்கொள்ளும் பக்கங்களில் இந்தப் படத்தைப் போட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்கொடையாளர் வருத்தப்படுவார் என்றால் அவருக்கு ரசீதோடு ஒரு கடிதம் எழுதுவோம். கொடுத்த பணத்தில் எத்தனை மாதம் மாலை வகுப்பு நடந்தது, ஆசிரியைக்கு எவ்வளவு, சுண்டலுக்கு எவ்வளவு என்று கணக்கு எழுதுவோம். வகுப்பு எடுக்கும் அந்த அக்காவே தன் குரலில் ஒரு நிமிடம் பேசி அனுப்பட்டும். இந்த வாரம் பின்னக் கணக்கில் பிள்ளைகள் திணறியதைச் சொல்லட்டும். அதைக் கேட்பவர் அடுத்த வாரம் என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதுவார். அவருக்குப் பதில் எழுத ஒருவர் வேண்டும். வாரம் எத்தனை பதிவு என்ற கேள்வியைவிட, வருகிற கேள்விகளுக்கு யார் பதில் சொல்வது என்பதையே ஒவ்வொரு டிரஸ்டும் முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பேன்.

நச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015-ல் பிரிட்டனில் தொண்டு நிறுவனங்கள் முதியவர்களைக் கடிதத்தாலும் தொலைபேசியாலும் துளைத்தெடுப்பது பெரிய விவாதமானது. அந்த ஆண்டே ஆர்.என்.எல்.ஐ. ஒரு முடிவை அறிவித்தது. தொடர்புகொள்ளலாம் என்று வெளிப்படையாகச் சம்மதம் சொன்னவர்களுக்கு மட்டுமே, 2017 முதல், நன்கொடை கேட்டு எழுதுவோம். ஐந்து ஆண்டில் மூன்றரைக் கோடி பவுண்டுக்கு மேல் வருமானம் குறையலாம் என்று அவர்களே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். தெரிந்தே செய்தார்கள். நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் 'எங்களுக்கு எழுதுங்கள்' என்று தாங்களே சொல்லிக் கூட இருந்தார்கள். கேட்காமலே நம்மை வாட்ஸ்ஆப் குழுவில் சேர்த்துவிட்டு, காலை வணக்கத்தோடு க்யூஆர் கோடும் அனுப்புகிறவர்கள் இந்த முடிவைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

இப்போது என் கையில் இருக்கும் வேலைக்கு வருகிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் உலகெங்கும் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். வங்கக் கடலின் மறுகரையில், வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில், உள்ளூர் இளைஞர்களைக் கடற்கரைக் காவலர்களாகப் பயிற்றுவிக்க ஆர்.என்.எல்.ஐ. துணை நின்றிருக்கிறது. நம் பக்கம் ஒவ்வொரு மே மாத விடுமுறையிலும் கிணற்றிலும் குட்டையிலும் ஆற்றுச் சுழலிலும் பிள்ளைகள் போவதைச் செய்தித்தாளில் படிக்கிறோம். மிதக்கும் முறையைத் தமிழில் ஒரு நிமிட வீடியோவாக எடுக்க ஒரு சின்ன டிரஸ்டோடு சேர்ந்து திட்டமிட்டிருக்கிறோம். கடலில் பிறந்து வளர்ந்த ஒரு மீனவ அக்கா பேசுகிறார், அவர் மகன் மிதந்து காட்டுகிறான். ஆழமில்லாத நீரில், நீச்சல் தெரிந்த பெரியவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் பழக வேண்டும் என்பதையும் அவரே சொல்கிறார். நன்கொடை இணைப்பு எதுவும் அதில் இருக்காது. நீருக்கடியில் படம்பிடிக்கத் தெரிந்தவர் ஒருவரும், நீச்சல் பயிற்சியாளர் ஒருவரும் தேவைப்படுகிறார்கள். ஏப்ரலுக்குள் முடித்தால்தான் விடுமுறைக்கு முன்பு பள்ளிகளின் பெற்றோர் குழுக்களுக்கு அனுப்ப முடியும். முடிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.